ஒரே கல்லறையில் ஐந்து பேர்: ஹைகேட்டுக்கு மார்க்ஸைப் பார்க்கப் போகிறீர்களா?

லண்டன் டூர்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வருவது என்ன? பிக் பென், லண்டன் பாலம், ராணியம்மா இருந்த அரண்மனை, அப்புறம் மெழுகுச்சிலை மியூசியம். உறவுக்காரங்க வீட்டுக்கு ரெண்டு வாரம் போனவங்ககூட இந்த நாலையும் பார்த்து போட்டோ எடுத்துட்டு வந்துடுவாங்க. ஆனா, இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டிய இன்னோர் இடம் இருக்கு. அது ஒரு சுடுகாடு... இல்லை, இடுகாடு. பயப்படாதீங்க. டிக்கெட் வாங்கி, வரைபடம் கையில் வைத்துக்கொண்டு, குடும்பத்தோடு பகலில் சுற்றிப் பார்க்கிற இடம்தான்.

பெயர் ஹைகேட் கல்லறைத் தோட்டம். வடக்கு லண்டனில், நார்தர்ன் லைன் சுரங்க ரயிலில் ஏறி ஆர்ச்வே ஸ்டேஷனில் இறங்குங்கள். அங்கிருந்து மேடு ஏறி, வாட்டர்லோ பூங்காவைக் குறுக்கே கடந்து நடந்தால், பூங்காவின் கேட்டை ஒட்டியே கல்லறைத் தோட்டம் வந்துவிடும். கொஞ்சம் மூச்சு வாங்கும், ஆனா நல்ல நடை.

1839-ல் திறந்த இடம் இது. லண்டன் நகரத்துக்குள் இருந்த சர்ச் வளாகங்களில் புதைக்க இடமே இல்லாமல் போனபோது, ஊருக்கு வெளியே தனியார் நிறுவனங்கள் ஆரம்பித்த ஏழு பெரிய கல்லறைத் தோட்டங்களில் ஒன்று. சுமார் 37 ஏக்கர். ஏறக்குறைய 53,000 கல்லறைகள். அதற்குள் கிட்டத்தட்ட 1,70,000 பேர் உறங்குகிறார்கள். நடுவில் ஸ்வெய்ன்ஸ் லேன் என்று ஒரு சின்ன சாலை. அதற்கு மேற்கே பழைய பகுதி, கிழக்கே பிறகு சேர்த்த பகுதி. மேற்கில் மின்சார மேதை மைக்கேல் ஃபாரடே இருக்கிறார், பாடகர் ஜார்ஜ் மைக்கேல் இருக்கிறார். கிழக்கில் நாவலாசிரியை ஜார்ஜ் எலியட். நகைச்சுவை அறிவியல் கதை எழுதிய டக்ளஸ் ஆடம்ஸின் கல்லறைக்கு முன்னால் வாசகர்கள் பேனாக்களைக் குத்தி வைத்துவிட்டுப் போகிறார்கள்.

ஆனா, பெரும்பாலானவர்கள் டிக்கெட் கவுன்டரில் கேட்கிற முதல் கேள்வி ஒண்ணுதான். மார்க்ஸ் எங்கே?

அந்தப் பெரிய தலை

கிழக்குப் பகுதியின் பாதையில் கொஞ்ச தூரம் போனால், தப்பவே முடியாது. பெரிய கிரானைட் பீடம், அதன் மேல் தாடியும் முடியுமாக ஒரு மாபெரும் வெண்கலத் தலை. கார்ல் மார்க்ஸ். லாரன்ஸ் பிராட்ஷா என்ற சிற்பி செய்தது, 1956-ல் திறந்தார்கள். உலகத் தொழிலாளர்களை ஒன்றுசேரச் சொல்லும் அவருடைய அழைப்பு மேலே தங்க எழுத்தில். கீழே எப்போதும் யாராவது வைத்துவிட்டுப் போன சிவப்புப் பூக்கள்.

எதிர்ப்பக்கம் திரும்பிப் பாருங்கள். ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்ற தத்துவ அறிஞரின் கல்லறை. கருத்தில் மார்க்ஸுக்கு நேர் எதிர். நம்ம ஊர் மாலில் இருக்கிற துணிக்கடைப் பெயரைச் சொல்லி, ‘மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர்’ என்று அங்கே வருகிறவர்கள் சிரிக்காமல் போவதில்லை.

போட்டோ எடுத்தாச்சா? இப்போ கிளம்பிடாதீங்க. பீடத்தின் நடுவில் ஒரு வெள்ளை மார்பிள் பலகை பதிந்திருக்கும். அதைப் படியுங்கள். அதில் இருப்பது ஒரு பெயர் இல்லை, ஐந்து பெயர்கள். முதல் பெயரும் கார்ல் மார்க்ஸ் இல்லை. ஜென்னி. அப்புறம்தான் கார்ல். பிறகு ஹாரி என்ற சின்னப் பேரன். அடுத்து ஹெலன் டெமுத், அந்த வீட்டில் வேலை பார்த்த அம்மா. கடைசியாக மகள் எலினார்.

மேலே இருக்கிற தலையைப் பற்றி உலகத்துக்கே தெரியும். கீழே இருக்கிற அந்தப் பெயர்களைப் பற்றித் தெரிந்துகொண்டு பார்த்தால்தான், அந்தத் தலைக்கு யார் யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பது புரியும்.

ஏழு வருஷக் காத்திருப்பு

ஜெர்மனியில் டிரியர் என்ற ஊர். 1818 மே 5-ல் ஒரு வழக்கறிஞரின் மகனாகப் பிறந்தார் கார்ல். அதே ஊரில் பிரபுக் குடும்பத்துப் பெண் ஜென்னி ஃபான் வெஸ்ட்ஃபாலன். ஊரே பேசிய அழகி. கார்லைவிட நான்கு வயது மூத்தவர். பெரிய இடத்துப் பெண், வயதில் மூத்த பெண், கையில் வேலையில்லாத மாணவன். நம்ம ஊராக இருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அங்கேயும் அதேதான். 1836-ல் ரகசியமாக நிச்சயம் செய்துகொண்டவர்கள், கல்யாணம் செய்ய 1843 ஜூன் வரை காத்திருந்தார்கள். ஏழு வருஷம்!

அதற்குள் கார்ல் தத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, கொலோன் நகரில் ஒரு பத்திரிகைக்கு ஆசிரியராகி, அந்தப் பத்திரிகையை அரசாங்கம் மூடியும் விட்டது. அதிலிருந்து அந்தத் தம்பதியின் வாழ்க்கை பெட்டியும் கையுமாகத்தான். பாரிஸ் போனார்கள், 1845-ல் அங்கிருந்து வெளியேற்றினார்கள். பிரஸ்ஸல்ஸ் போனார்கள், 1848-ல் அங்கிருந்தும் வெளியேற்றினார்கள். அந்த வருஷம்தான் மார்க்ஸும் நண்பர் எங்கெல்ஸும் எழுதிய கம்யூனிஸ்ட் அறிக்கை வெளிவந்தது. மறுபடி ஜெர்மனி, மறுபடி பத்திரிகை, மறுபடி தடை. கடைசி இதழைச் சிவப்பு மையில் அச்சடித்துவிட்டுக் கிளம்பினார் மார்க்ஸ். 1849-ல் லண்டன் வந்து சேர்ந்தபோது அவருக்கு 31 வயது. கொஞ்ச நாளில் ஊர் திரும்பிவிடலாம் என்று நினைத்தார். சாகும் வரை அங்கேயே இருந்தார்.

இரண்டு அறை வீடு

லண்டன் வந்த மறுவருஷமே வாடகை பாக்கிக்காக வீட்டில் ஜப்தி. கட்டிலில் இருந்து கைக்குழந்தையின் தொட்டில் வரை, பெண் குழந்தைகளின் பொம்மைகளைக்கூட விடாமல் எடுத்துக்கொண்டார்கள். ஜென்னி கடன் கேட்டு ஹாலந்துக்குப் போனார். அங்கே மார்க்ஸின் சித்தப்பா முறை வரும் உறவினர் லயன் பிலிப்ஸ் வசதியாக இருந்தார். அந்தத் தடவை வெறுங்கையோடுதான் திரும்பினார் ஜென்னி. அந்த லயன் பிலிப்ஸின் பேரன்கள்தான் பிற்காலத்தில் நம் வீட்டு பல்புகளிலும் ரேடியோக்களிலும் பெயர் பார்த்த பிலிப்ஸ் கம்பெனியை வளர்த்தவர்கள். உலகம் எவ்வளவு சின்னது பாருங்கள்!

பிறகு சோஹோ பகுதியில் டீன் தெரு, 28-ம் எண். மாடியில் இரண்டு அறை. இன்று அந்தக் கட்டடத்தில் ஒரு ரெஸ்டாரன்ட் இருக்கிறது. சுவரில் மார்க்ஸ் வாழ்ந்ததைச் சொல்லும் நீல வட்டப் பலகை. அன்று அந்த இரண்டு அறைக்குள் கணவன், மனைவி, குழந்தைகள், வேலைக்கார அம்மா ஹெலன், எல்லாரும் இருந்தார்கள். ஜென்னி பிறந்த வீட்டு வெள்ளிப் பாத்திரங்கள் அடகுக்கடைக்குப் போய்வந்துகொண்டே இருந்தன. மார்க்ஸின் மேல்கோட்டு அடகில் இருந்ததால், அவர் வெளியே போக முடியாமல் வீட்டுக்குள் கிடந்த நாட்களும் உண்டு. பணத்தைப் பற்றி உலகத்திலேயே மிகப் பெரிய புத்தகத்தை எழுதப்போகிறவரின் கையில் பணம் தங்கவே இல்லை.

வறுமை கோட்டோடு நிற்கவில்லை. ஏழு குழந்தைகள் பிறந்தார்கள். பெரியவர்களாக வளர்ந்தது மூன்று பெண்கள் மட்டும்தான். 1850-ல் ஒரு வயதான கைக்குழந்தை கைடோ போனான். 1852-ல் ஃபிரான்சிஸ்கா. அவளைப் புதைக்கச் சவப்பெட்டி வாங்கப் பணமில்லை. பக்கத்தில் இருந்த ஒரு பிரெஞ்சு அகதியிடம் போய் நின்றார் ஜென்னி. அவர் கொடுத்த இரண்டு பவுண்டில்தான் பெட்டி வந்தது. பிறந்தபோது தொட்டில் இல்லாத குழந்தைக்குச் சாவிலும் பெட்டி சுலபத்தில் கிடைக்கவில்லையே என்று ஜென்னி பிறகு எழுதிவைத்தார்.

1855-ல் எட்டு வயது எட்கர். வீட்டின் செல்லப் பிள்ளை, குறும்புக்காரன். காசநோய். அப்பாவின் கையிலேயே போனான். அடக்கத்தின்போது மார்க்ஸ் அந்தக் குழிக்குள் தானும் குதித்துவிடுவாரோ என்று உடன் இருந்தவர்கள் பயந்தார்கள். அவருடைய தலைமுடி அதற்குப் பிறகுதான் வேகமாக நரைத்தது என்று சொல்வார்கள்.

ஒரு கேள்வி இங்கே வரத்தான் செய்யும். இவ்வளவு படித்தவர், ஒரு வேலைக்குப் போயிருக்கலாமே? 1862-ல் போகவும் பார்த்தார். ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. கையெழுத்து சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். முதலாவது ஆள் ஜென்னி. அவர்தான் உட்கார்ந்து அச்சகத்துக்குப் போகும்படி எல்லாவற்றையும் அழகாகப் படி எடுத்துக் கொடுத்தார்.

நண்பன் என்றால் இப்படி

எங்கெல்ஸைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேசவே முடியாது. மான்செஸ்டரில் அவருடைய அப்பாவுக்குப் பங்கிருந்த பஞ்சாலை. முதலாளித்துவத்தை எதிர்த்து எழுதியவர், அதே முதலாளித்துவத்தின் ஆபீஸில் 1850 முதல் 1869 வரை கணக்கு எழுதினார். பிடித்து அல்ல, நண்பன் எழுதுவதற்காக. மாதாமாதம் பணம் அனுப்பினார். பவுண்டு நோட்டைப் பாதியாகக் கிழித்து, திருட்டுப் போகாமல் இருக்க இரண்டு கவரில் அனுப்பிய கதையும் உண்டு. 1869-ல் பங்கை விற்றுவிட்டு, மார்க்ஸ் குடும்பத்துக்கு வருஷம் 350 பவுண்டு கிடைக்க ஏற்பாடு செய்தார். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் நிம்மதி.

மார்க்ஸ் பிரிட்டிஷ் மியூசியத்தின் வாசிப்பறையில் நாள் முழுக்கப் படித்தார். அமெரிக்கப் பத்திரிகையான நியூயார்க் ட்ரிப்யூனுக்கு எழுதினார். 1853-ல் இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சி என்ன செய்கிறது என்று எழுதியதும், 1857 கிளர்ச்சியைப் பற்றி எழுதியதும் அந்தப் பத்திரிகையில்தான். நம் நாட்டை ஒரு நாள்கூடப் பார்க்காதவர், லண்டனில் உட்கார்ந்து எழுதியவை அவை. 1867 செப்டம்பரில் ‘மூலதனம்’ முதல் பாகம் வெளிவந்தது. அச்சடித்தது 1,000 பிரதிகள். அதில் வந்த பணம், அதை எழுதும்போது அவர் பிடித்த சுருட்டுக்குக்கூடப் போதவில்லை என்று அவரே கேலி செய்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் மட்டும் குடும்பமே ஹாம்ஸ்டெட் ஹீத் புல்வெளிக்குக் கிளம்பிவிடும். ஹெலன் கூடையில் சாப்பாடு கட்டிக்கொண்டு வருவார். மார்க்ஸ் குழந்தைகளுக்குக் குதிரையாகி முதுகில் சுமப்பார், நடந்துகொண்டே முடிவில்லாத கதைகள் சொல்வார். கறுத்த நிறத்தால் வீட்டில் அவருக்குச் செல்லப் பெயர் ‘மூர்’. அந்தப் புல்வெளி ஹைகேட்டில் இருந்து நடக்கிற தூரம்தான். நேரம் இருந்தால் அங்கேயும் போய்விட்டு வாருங்கள். கல்லறையைவிட அங்கேதான் அந்தக் குடும்பம் சந்தோஷமாக இருந்தது.

நான்காவது பெயர்

ஹெலன் டெமுத். சின்ன வயதிலேயே ஜென்னியின் பிறந்த வீட்டில் வேலைக்கு வந்தவர். 1845-ல் ஜென்னியின் அம்மா இவரை மகளுக்குத் துணையாக அனுப்பிவைத்தார். அதற்குப் பிறகு நாடு நாடாக, வீடு வீடாக, சம்பளம் வந்தாலும் வராவிட்டாலும் கூடவே இருந்தார். கடையில் கடன் சொல்வது, அடகு வைப்பது, இருப்பதை வைத்துச் சமைப்பது எல்லாம் அவர்தான். செஸ் விளையாட்டில் மார்க்ஸையே தோற்கடிப்பார்.

1851-ல் ஹெலனுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஃபிரெடெரிக். அப்பா பெயர் பதிவில் இல்லை. மார்க்ஸ்தான் என்று பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள், மறுப்பவர்களும் இருக்கிறார்கள். பழியை எங்கெல்ஸ் தன் மேல் போட்டுக்கொண்டார் என்பார்கள். அந்தக் குழந்தையை வேறு குடும்பத்தில் வளர்க்கக் கொடுத்தார்கள். அவர் லண்டனிலேயே வளர்ந்து, மெக்கானிக் வேலை பார்த்து, 1929-ல் இறந்தார். மார்க்ஸ் யாருக்காக எழுதினாரோ, அந்தத் தொழிலாளி வர்க்கத்தில் ஒருவராகவே வாழ்ந்து முடித்தார். அவருடைய பெயர் இந்தப் பலகையில் இல்லை.

மார்க்ஸை வணங்குகிறவர்கள் இதைத் தள்ளிவிட்டுப் போவார்கள். திட்டுகிறவர்கள் இதை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். கல்லறைக்கு முன்னால் நிற்கும்போது நாம் ரெண்டையும் செய்ய வேண்டாம். ஹெலனைக் கொஞ்சம் நினைத்தால் போதும்.

பதினோரு பேர்

1881 டிசம்பர் 2. ஜென்னி புற்றுநோயில் இறந்தார். அதே வீட்டில் அடுத்த அறையில் மார்க்ஸ் நுரையீரல் நோயோடு படுக்கையில். மனைவியின் அடக்கத்துக்குப் போகக் கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். ஏழு வருஷம் காத்திருந்து கட்டியவளை வழியனுப்பக்கூட அவரால் ஹைகேட்டுக்கு வர முடியவில்லை. உடம்பு தேற அல்ஜீரியா வரை போனார். அங்கே, உலகமே அடையாளம் சொல்லும் அந்தத் தாடியை எடுத்துவிட்டார். எடுப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். அதற்குப் பின் எடுத்த படம் எதுவும் இல்லை.

1883 ஜனவரியில் மூத்த மகள் போனாள். செய்தி சொல்லக் கடைசி மகள் எலினார் அப்பாவிடம் வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. அதற்கு மேல் அவர் தாங்கவில்லை. மார்ச் 14 மதியம், எங்கெல்ஸ் வழக்கம்போல் வீட்டுக்கு வந்தார். அரைத் தூக்கத்தில் இருக்கிறார், மேலே வாருங்கள் என்று கூப்பிட்டார் ஹெலன். இருவரும் மாடியேறிப் பார்த்தபோது நாற்காலியில் உயிர் பிரிந்திருந்தது. எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை. விட்டுப்போன சொத்து சுமார் 250 பவுண்டு.

மார்ச் 17-ல் ஜென்னியின் குழியிலேயே அவரையும் வைத்தார்கள். வந்தவர்கள் பதினோரு பேர் அளவில்தான். எங்கெல்ஸ் ஆங்கிலத்தில் பேசினார். இந்தப் பெயர் நூற்றாண்டுகள் தாண்டி நிற்கும் என்பதே அதன் சாரம். அன்று கேட்டிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அடுத்த சில நாளில், இறந்த மூத்த மகளின் நாலு வயதுப் பிள்ளை ஹாரியும் அதே குழிக்கு வந்தான். 1890-ல் ஹெலன். குடும்பத்தோடு வாழ்ந்தவரைக் குடும்பத்தோடுதான் வைக்க வேண்டும் என்று அதே இடம் கொடுத்தார்கள்.

கடைசிப் பெயர்

எலினார் பிறந்தது 1855 ஜனவரியில். எட்கர் இறப்பதற்கு ஏறக்குறைய மூன்று மாதம் முன்பு. அப்பாவின் மூளை அப்படியே வந்த பெண். லண்டன் எரிவாயுத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்ட உதவினார், எட்டு மணி நேர வேலைக்காக மேடை ஏறினார், எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளர் தலைவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். ‘மேடம் பொவாரி’ நாவலை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். நம்பி வாழ்ந்தவர் ஏமாற்றிய வேதனையில், 1898-ல் 43 வயதில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அவருடைய அஸ்தி பல வருஷம் அலுவலக அலமாரிகளில் இருந்தது. பிறகுதான் அப்பா, அம்மாவிடம் வந்து சேர்ந்தது.

எங்கெல்ஸ் எங்கே என்று கேட்பீர்கள். ‘மூலதன’த்தின் இரண்டாம், மூன்றாம் பாகங்களை நண்பனின் புரியாத கையெழுத்தில் இருந்து மீட்டு வெளியிட்டுவிட்டு, 1895-ல் இறந்தார். அவர் விருப்பப்படி அஸ்தியைத் தென் இங்கிலாந்துக் கடலில் கரைத்தார்கள். அவருக்குக் கல்லறையே கிடையாது.

நீங்கள் போகும்போது

இந்தக் கல்லறை முதலில் இங்கே இல்லை. உள்ளே ஓர் ஒதுக்குப்புறப் பாதையில் சாதாரணமாக இருந்தது. 1954-ல் எல்லாரையும் எடுத்து இந்த இடத்துக்கு மாற்றினார்கள். அப்போது பழைய மார்பிள் பலகையையும் கொண்டுவந்து பதித்தார்கள். 1970-ல் குண்டு வைத்தார்கள். 2019 பிப்ரவரியில் யாரோ சுத்தியலால் அந்தப் பலகையை அடித்தார்கள், அடுத்த சில நாளில் சிவப்பு பெயின்ட்டால் கிறுக்கினார்கள். கவனித்துப் பாருங்கள், அந்தப் பெயர்களின் மேல் இன்னும் காயம் தெரியும். மார்க்ஸ் மேல் கோபப்பட்டவர் உடைத்தது ஜென்னி, ஹெலன், நாலு வயது ஹாரி எல்லாரும் இருக்கிற பலகையை.

மார்க்ஸைப் பார்க்க டிக்கெட்டா என்று சிரிப்பவர்கள் உண்டு. ஆனா, 1970-களில் இந்த இடம் கேட்பாரற்றுக் காடாகிக் கிடந்தது. 1975-ல் உருவான ஹைகேட் நண்பர்கள் அமைப்புதான் மீட்டது. அந்தக் காசு மரத்துக்கும் மதிலுக்கும்தான் போகிறது. இன்றும் இங்கே அடக்கம் நடக்கிறது. அதனால் சத்தம் வேண்டாம், கல் மேல் ஏறி உட்கார வேண்டாம். நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள், மழை பெய்தால் வழுக்கும்.

பக்கத்தில் இன்னும் சிலரைப் பார்க்கலாம். மார்க்ஸுக்கு இடப்பக்கம் கிளாடியா ஜோன்ஸ், லண்டன் கறுப்பின மக்களுக்காகப் போராடியவர். கொஞ்சம் தள்ளி யூசுஃப் தாதூ, தென்னாப்பிரிக்காவில் நிறவெறியை எதிர்த்த இந்திய வம்சாவளித் தலைவர்.

நமக்கும் இந்தக் கல்லுக்கும் தூரம் அதிகமில்லை. 1923-லேயே சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார். 1931-ல் பெரியாரின் ‘குடிஅரசு’ கம்யூனிஸ்ட் அறிக்கையைத் தமிழில் வெளியிட்டது. அதற்கப்புறம் நம்ம ஊரில் எத்தனை மார்க்ஸ், எத்தனை ஜென்னி! உங்கள் தெருவிலேயே ஒருவர் இருப்பார். உங்கள் வகுப்பில் ஒரு ஜென்னி படித்திருப்பாள்.

அவர்களில் யாருக்காவது ஒரு போட்டோ அனுப்ப நினைத்தால், தலையை மட்டும் எடுக்காதீர்கள். ரெண்டடி கிட்டப் போய், குனிந்து, அந்த வெள்ளைப் பலகையை எடுங்கள். முதல் பெயர் ஜென்னியுடையது.